அம்மனுக்குச் சித்தி பொண்ணு

(டர்பன், சாட்ஸ்வொர்த். செப்டம்பர் முதல் வாரம். தென்னாப்பிரிக்காவில் மரம் நடும் வாரம். பாக்கியம் அக்கா வீட்டு கேட்டுக்கு வெளியே, பக்கியிலிருந்து (பின்பக்கம் திறந்த சின்னச் சரக்கு வண்டி) கோவிந்தன் ஒரு மரக்கன்றை இறக்குகிறான். கடப்பாரை அவன் கையில், அதிகாரம் அக்கா கையில்.)

அக்கா: என்னடா, என் வாசல்ல குழி தோண்டறே? பைப்பு ஒடைஞ்சு போச்சா?

கோவிந்தன்: மரம் நடறோம்க்கா. தெருவுக்குப் பத்து. இதுதான் பத்தாவது.

அக்கா: காலையில ஒரே கூட்டமா இருந்துச்சே, எங்கே?

கோவிந்தன்: போட்டோ எடுத்தாங்க, ரொட்டியைக் குடைஞ்சு குழம்பு ஊத்தின 'பன்னி சௌ' சாப்பிட்டாங்க, போயிட்டாங்க.

அக்கா: மரமெல்லாம் வேணாம்டா. குரங்கு ஏறும். போன வாரம் ஒண்ணு நேரா கேட்டைத் தாண்டி நடந்தே வந்து ரொட்டியத் தூக்கிட்டுப் போச்சு.

கோவிந்தன்: மரம் இல்லாமத்தானே நடந்து வந்துச்சு, பாவம்!

அக்கா: சரி, வைக்கறதுதான் வைக்கறே, வேப்பங்கன்னா வை. பின்கட்டுல நிக்கற என் வேப்பமரத்துக்கு ஜோடியாச்சு.

கோவிந்தன்: அக்கா... அது வேப்பமரம் இல்லீங்க. சிரிங்கா.

அக்கா: என்னது! நாப்பது வருஷமா அதுலதான்டா அம்மனுக்குக் கொத்து ஒடிக்கறேன்!

கோவிந்தன்: வேம்புல ஒரே ஈர்க்கு, ரெண்டு பக்கமும் இலை. இதுல ஈர்க்கே கிளை விட்டு, அந்தக் கிளையில இலை. பூவும் ஊதா.

அக்கா: ஊதாப்பூ அம்மனோட விளையாட்டுன்னு இல்ல நெனைச்சேன்!

கோவிந்தன்: பழம் நமக்கு விஷம். பறவைங்க தின்னுட்டு ஊரெல்லாம் வெதைச்சுடுது. அதனால இந்த நாட்டுல புதுசா நடவும் கூடாது, விக்கவும் கூடாது. உங்க மரம் இருந்துட்டுப் போகட்டும்.

அக்கா: அப்போ அம்மன் என்னைப் பத்தி என்ன நெனைச்சிருப்பா?

கோவிந்தன்: 1860ல கப்பல் ஏறி வந்த நம்ம பாட்டிங்களும் கிடைச்சதைத்தான் ஒடிச்சிருப்பாங்க. அம்மன் கோவிச்சுக்கிட்டாளா?

அக்கா: கோவிச்சுக்கிட்டுத்தான்டா இருக்கா! ஆடியில கூழ் ஊத்தற நேரம் பாத்து மரம் மொட்டையா நிக்குதே!

கோவிந்தன்: ஆடின்னா இங்க குளிர்காலம்க்கா, அது இலை உதிர்க்கற சாதி. நான் கொண்டாந்த இந்தக் கன்னு நேட்டால் மஹோகனி. இந்த மண்ணு மரம், வருஷம் பூரா பச்சை. வேம்பு, சிரிங்கா, இது, மூணும் ஒரே குடும்பம்.

அக்கா: என்ன மொறை ஆகுது?

கோவிந்தன்: வேம்புக்குச் சித்தி மகன்னு வெச்சுக்குங்க.

அக்கா: மகள்னு வை. நடு. டேய் டேய், பிளாஸ்டிக் பையோட எறக்கறியே!

கோவிந்தன்: ஐயையோ, பையைக் கிழிக்கணுமா? அப்போ அந்த ஒன்பதும்... (நாக்கைக் கடித்துக்கொள்கிறான்.)

அக்கா: தண்ணி யார் ஊத்துவா?

கோவிந்தன்: வாரம் 20 லிட்டராவது வேணும், ரெண்டு வருஷத்துக்கு. கமிட்டி பாத்துக்கும்.

அக்கா: கமிட்டி எங்கே?

கோவிந்தன்: வாட்ஸப்புல. 46 பேர் கட்டைவிரல் போட்டிருக்காங்க.

(அந்த 46 பேரில் நானும் ஒருத்தி. மறைத்து என்ன பிரயோஜனம்?)

அக்கா: கட்டைவிரல்லேர்ந்து தண்ணி வருமாடா? நம்ம குழாய்லயே ஒழுங்கா வர்றதில்ல. அரிசி களைஞ்ச தண்ணிய நான் ஊத்தறேன். திருட்டுப் போகாம இருக்கவும் ஒரு வழி வெச்சிருக்கேன்.

(ஒரு மாதம் கழித்து. கன்றுக்கு மஞ்சள் துணி, குங்குமம், எலுமிச்சை மாலை. சுற்றிலும் செம்போடு ஏழெட்டுப் பெண்கள்.)

கோவிந்தன்: அக்கா! என்ன இது?

அக்கா: நீதானே சித்தி பொண்ணுன்னே? அடுத்த தெருவுலேர்ந்தெல்லாம் வர்றாங்க. அந்த ஒன்பதும் எப்படி இருக்கு?

கோவிந்தன்: மூணு திருட்டுப் போச்சு. ஆறு காஞ்சு போச்சு.

அக்கா: மஞ்சத்துணி கட்டாத வீடு அப்படித்தான்.

கோவிந்தன்: அது சரி, செம்புல என்ன? பாலா? ஐயோ, தெனமும் பால் ஊத்தினா வேர் கெட்டுப்போகும்க்கா! தண்ணி போதும், வெறும் தண்ணி!

அக்கா: (கூட்டத்தைப் பார்த்து) ஏம்மா, பால் கூடாதாம். கமிட்டி சொல்லிடுச்சு. (திரும்பி, குரலைத் தாழ்த்தி) மோர் ஊத்தலாமாடா?