ஜனவரியில் அந்த மரம் எங்கே போகிறது?

டிசம்பர் பிறந்தால் போதும், கிறிஸ்துமஸ் மரத்தை வெட்டுவது பாவம் என்று ஒரு கூட்டம், பிளாஸ்டிக் மரம் வைப்பதுதான் பாவம் என்று இன்னொரு கூட்டம் கிளம்பிவிடும். பண்டிகை முடிந்ததும் மரம் எங்கே போகிறது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. என்னைப் பொறுத்தவரை விஷயமே அதில்தான் இருக்கிறது.

பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் அமைப்பு போட்ட கணக்கைப் பாருங்கள். 2 மீட்டர் உயர நிஜ மரம் குப்பைமேட்டில் புதைந்தால், சுமார் 16 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான பாதிப்பு. காற்றுப் புகாமல் மட்கும்போது புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு கிளம்புவதுதான் காரணம். அதே மரத்தைச் சீவித் தூளாக்கித் தோட்டத்தில் பரப்பினால் வெறும் 3.5 கிலோ. இங்கிலாந்தின் லிதம் செயின்ட் ஆன்ஸ் கடற்கரையில் பழைய மரங்களை மணலில் வரிசையாகப் புதைக்கிறார்கள். காற்றில் பறக்கும் மணல் கிளைகளில் சிக்கி, மணல்மேடு வளர்கிறது.

பிளாஸ்டிக் மரத்துக்கு அதே கணக்கில் 40 கிலோ. அதன் ஒரு கிளையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: முறுக்கிய கம்பிக்குள் பிவிசி என்ற பிளாஸ்டிக் இழைகள். இதை யார் உட்கார்ந்து பிரிப்பது? மறுசுழற்சிக்கு லாயக்கில்லை. தூளாக்கிய நிஜ மரத்துக்கு ஈடாக வேண்டுமானால் அதை 11, 12 வருஷமாவது வைத்திருக்க வேண்டும். ஏற்கெனவே பரணில் ஒன்று கிடக்கிறதா? சரி, குற்றவுணர்ச்சியே வேண்டாம், அதையே எடுத்து வையுங்கள். சுற்றுச்சூழல் அக்கறையில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எதையோ வாங்குவதுதான் எனக்குப் புரியாத வேடிக்கை.

வெட்டுவது பாவம் என்பவர்களுக்கு: இவை பெரும்பாலும் பண்ணையில் பயிராக வளர்ப்பவை. காட்டை அழித்துக் கொண்டுவருவதில்லை. பூச்சிமருந்து அடிக்கிறார்களே என்று கேட்டால், அது நியாயமான கேள்வி.

அப்புறம் பரிசு சுற்றும் தாள். கையில் கசக்கிப் பாருங்கள். உருண்டையாகவே நின்றால் காகிதம், மறுசுழற்சிக்குப் போடலாம். விரிந்துகொண்டால் அதில் பிளாஸ்டிக் இருக்கிறது. மினுமினுப்புத் தூள் ஒட்டியிருந்தால் இந்தச் சோதனையே தேவையில்லை, நேராகக் குப்பைதான். அந்தத் தூளை யார் கண்டுபிடித்தார்களோ, பிப்ரவரியிலும் சோபாவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மரத்தைத் தூளாக்கக் கொடுக்கிறவர்கள் விளக்குச் சரம், ஜிகினா, தொங்கவிட்ட கம்பிக் கொக்கி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கொடுங்கள். பனி போலத் தெரிய வெள்ளைப் பூச்சு தெளித்த மரத்தைப் பல இடங்களில் உரத்துக்கு எடுப்பதில்லை, வாங்கும்போதே தெளிக்காததாகப் பாருங்கள்.