வெளிறிய குழந்தைக்கு இரும்புச்சத்து டானிக் மட்டும் போதாது

குழந்தை வெளிறிப்போய், சோர்ந்து, சாப்பாடே பிடிக்காமல், அடிக்கடி வயிறு வலிக்கிறது என்று வந்தால் ஹீமோகுளோபின் பார்க்கிறோம், பூச்சி மாத்திரை கொடுக்கிறோம், இரும்புச்சத்து டானிக் எழுதுகிறோம். எல்லாம் சரி. ரத்தத்தில் காரீயம் (லெட் என்கிற நச்சு உலோகம்) எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை. நம் குழந்தைகள் நலத்தில் இது பெரிய ஓட்டை என்று உறுதியாகச் சொல்வேன்.

யுனிசெஃப்பும் ப்யூர் எர்த் என்ற தொண்டு நிறுவனமும் 2020இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருக்கிறது. இந்தியாவில் மட்டும் 27 கோடிக் குழந்தைகளுக்கு மேல். காரீயம் கலந்த பெட்ரோலை நாம் 2000இலேயே நிறுத்திவிட்டோம். பிறகு எங்கிருந்து வருகிறது?

முதலில் பழைய பேட்டரி. கார், இன்வெர்ட்டர் பேட்டரிகளின் எடையில் பாதிக்கு மேல் காரீயம்தான். முறையான ஆலையில் மூடிய உலையும் புகை வடிகட்டியும் இருக்கும். காயலான் கடையிலிருந்து ஊருக்கு வெளியே ஒரு கொட்டகைக்குப் போகிற பேட்டரியைக் கோடரியால் பிளக்கிறார்கள். அமிலம் மண்ணுக்கு, தகடுகள் திறந்த அடுப்புக்கு. காரீயம் 327 டிகிரியிலேயே உருகும். அதற்கு மேல் சூடு ஏற ஏற ஆவியும் நுண்ணிய தூசியும் கிளம்பி அக்கம்பக்கத்து மண்ணில் படியும். அந்தத் தூசி மட்காது, அழியாது. அடுப்பை மூடிப் பல வருஷம் கழித்தும் அங்கே விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கிற குழந்தையின் உடம்புக்குள் போகும். செனகல் நாட்டின் தியாரோயில் 2007-08இல் இப்படித்தான் 18 குழந்தைகள் இறந்தார்கள்.

உடம்பு காரீயத்தைக் கால்சியம் என்று நம்பி எலும்பில் சேர்த்து வைக்கிறது. ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஒரு மாதம் போதும். எலும்பில் பத்து, இருபது வருஷம்கூட ஆகும். ஹீமோகுளோபின் தயாராகும் வழியில் இரண்டு நொதிகளை முடக்கிவிடுவதால் ரத்தசோகை வரும். இன்னொரு கொடுமை: இரும்புச்சத்து குறைந்த குடல் காரீயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். வயிற்றுக்குள் போனதில் பெரியவர் உடம்பு பத்தில் ஒரு பங்கை எடுத்தால், சின்னக் குழந்தை பாதி வரை எடுத்துக்கொள்கிறது. ஏழைக் குழந்தைக்கு இரட்டை அடி.

மூளைக்கு வரும் சேதம்தான் என்னைப் பயமுறுத்துகிறது. அமெரிக்காவில் 20 முதல் 44 மைக்ரோகிராம் வரை இருந்த குழந்தைகளுக்கு காரீயத்தை உடம்பிலிருந்து வெளியேற்றும் சக்சிமர் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் காரீயம் குறைந்தது, அறிவுத்திறன் தேறவில்லை. 2001இல் வந்த முடிவு இது. உலக சுகாதார நிறுவனம் சின்னக் குழந்தைகளுக்கு 45ஐத் தொட்டால்தான் அந்த வகை மருந்தைப் பரிந்துரைக்கிறது. அதையும், காரீயம் வந்த இடத்தைக் கண்டுபிடித்து அடைக்காமல் கொடுத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. 5ஐத் தொட்டாலே அந்த இடத்தைத் தேடத் தொடங்க வேண்டும்.

பேட்டரி வேலை பார்ப்பவர்கள் அங்கேயே குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வரட்டும். வேலைத் துணியை வீட்டுத் துணியோடு ஊறவைக்காதீர்கள். கை கழுவாமல் பீடி பிடித்தால் விரலில் ஒட்டியிருப்பது நேரே வாய்க்குள் போகும். பழைய பெயின்டை உலர உலர உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, ஈரப்படுத்திச் சுரண்டுங்கள். வீட்டுப் பெயின்டில் காரீயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு நமக்கு 2017 நவம்பரில்தான் வந்தது. அதற்கு முன் அடித்த சுவரையும் ஜன்னலையும் நம்பாதீர்கள். தரையைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

மஞ்சள் பளபளவென்று கண்ணைப் பறித்தால் சந்தேகப்படுங்கள். வங்கதேசத்தில் விரலி மஞ்சளை மெருகேற்றும்போதே லெட் குரோமேட் என்ற காரீய மஞ்சள் நிறமியைப் பூசினார்கள், அதனால் முழுக் கிழங்கு வாங்கி அரைத்தாலும் தப்பிக்க முடியாது. ஆனால் 2019இல் அங்கே பாதிக்குப் பாதி மாதிரிகளில் இருந்த கலப்படம், சோதனையும் அபராதமும் கடுமையானதும் 2021இல் இல்லாமலே போனது. அரசு நினைத்தால் இரண்டே வருஷம்! ஈயம் (காரீயம் அல்ல, டின் எனும் வெள்ளீயம்) பூசிய பாத்திரத்திலும் ஈயச் சொம்பிலும் மலிவுக்காகக் காரீயம் கலந்திருந்தால் புளிரசம் அதைக் கரைத்து எடுத்துவிடும். எங்கே செய்தது என்று தெரியாத சொம்பைவிட எவர்சில்வரே மேல்.

கேழ்வரகு, கீரை, எலுமிச்சை, காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாமல் இருப்பது இவையெல்லாம் உறிஞ்சலைக் குறைக்கும். காரணத்தை அகற்றாது.

சோதனைக்கு நரம்பில் எடுத்த ரத்தம் வேண்டும். விரல்நுனியில் குத்தினால் தோலில் ஒட்டிய தூசியே எண்ணிக்கையை ஏற்றிவிடும். முடிப் பரிசோதனைக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தசோகை என்று தெரிந்து, பக்கத்தில் பேட்டரிக் கொட்டகையும் இருந்தால், இரண்டு மில்லி ரத்தம் கூடுதலாக எடுத்து மருத்துவக் கல்லூரி ஆய்வகத்துக்கு அனுப்ப அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு குழந்தைக்கு அதிகம் வந்தால் உடன்பிறந்தவர்களையும் வீட்டிலுள்ள கர்ப்பிணியையும் அதே வாரம் சோதிக்க வேண்டும். கர்ப்பத்தில் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது சின்ன வயதில் சேர்ந்த காரீயமும் கூடவே கரைந்து தொப்புள்கொடி வழியாகச் சிசுவுக்குப் போகிறது.