கழுத்துக் கத்திக்குக் கயிறும் முக்கியம்
உறையோடு கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டும் சிறு கத்தி எடை குறைவாக இருந்தால் போதும், கயிறு எதுவானாலும் பரவாயில்லை என்று கழுத்துக் கத்தி பற்றிய இந்தக் கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பலரும் விரும்பி மாட்டும் பாராசூட் கயிறு, அதாவது பாராசூட்டில் பயன்படும் வகை நைலான் கயிறு, சுமார் 250 கிலோ இழுவையைத் தாங்கும். எதிலாவது சிக்கினால் கயிறு அறாது, கழுத்துதான் போகும். ஈரோடு பக்கம் எங்கள் களத்தில் மஞ்சள் மெருகேற்றும் டிரம் அருகே குனிந்தபோது என் கத்திக் கயிறு சுழலும் அச்சில் மாட்டிக்கொண்டது. மெல்லிய பருத்திக் கயிறு என்பதால் சட்டென்று அறுந்தது, கழுத்தில் சிவந்த தழும்போடு தப்பித்தேன். அன்றிலிருந்து, இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் கொக்கி வைத்த கயிறுதான் அணிகிறேன். ஓடும் இயந்திரத்தின் பக்கம் போவதானால் அதையும் கழற்றி வைத்துவிடுகிறேன். இடுப்பில் செருகினால் ஆகாதா என்று மேலே உள்ள கருத்துகளில் ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். குத்தவைத்துக் களை எடுக்கும்போது இடுப்புக் கத்தி அடிவயிற்றை அழுத்தும், நெஞ்சுக்குழிக்குச் சற்று மேலே நிற்கும் கத்தியால் அந்தத் தொல்லை இல்லை. தோல் உறை மட்டும் வேண்டாம்: வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சித்திரை வெயிலில் என் கார்பன் எஃகுக் கத்தி நான்கே நாளில் துருப்பிடித்துவிட்டது. பிடி கீழ்நோக்கித் தொங்கும் உறை என்றால், வாங்கும் முன் கீழே துணியை விரித்து நன்றாகக் குலுக்கிப் பாருங்கள். கத்தி சற்றே நழுவினாலும் வாங்காதீர்கள்.