ஊர் எழுதிக் கொடுக்கும் தாள் விவாகரத்து ஆகாது

பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம், கீழக்கரை என்று நம் கடற்கரையில் இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. புருஷன் பொண்டாட்டிக்கு ஒத்து வரவில்லை என்றால் நாலு பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கி, "தீர்த்து விட்டாச்சு" என்று அனுப்பி விடுகிறார்கள். நோட்டரி சீல் விழுந்தால் அதுவே விவாகரத்து என்று நம்பி விடுகிறோம். அது விவாகரத்து இல்லை.

தீர்த்து விடும் வழக்கம் அந்தச் சமூகத்தில் நெடுங்காலமாக உண்டு என்று நிரூபித்தால் மட்டும் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் அதை ஏற்கும். நிரூபிப்பது லேசு இல்லை. கத்தோலிக்கத் தம்பதிக்கு மறைமாவட்டத் தீர்ப்பாயம் தரும் முடிவு திருச்சபைக்குள்தான் செல்லும். சட்டத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். ஷரீஅத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்பு தரும் குலா (முஸ்லிம் மனைவி தானே கேட்டு வாங்கும் விவாகரத்து) சான்றிதழ் செல்லாது, பெண் குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி விட்டது.

அந்தத் தாளில் எனக்கு வயிற்றெரிச்சல் தருவது "இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம்" என்ற வரிதான். சம்மதத்தின் பேரில் தனியே வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அவள் நாளை மனு போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது இந்தத் தாளைத்தான். அடித்து விரட்டப்பட்டவளிடம் சம்மதம் என்று எழுதி வாங்குவது என்ன நியாயம்?

விவாகரத்து வாங்கினால்தான் ஜீவனாம்சம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125ஆவது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு, ஜீவனாம்சத்துக்கானது. தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத மனைவி, தான் இருக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே கேட்கலாம். கடலுக்குப் போகிறவனுக்கு ஏது சம்பளச் சீட்டு என்று கைவிரிப்பார்கள். 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். படகு, வலை, பங்குப் பணம் எல்லாம் அதில் வர வேண்டும். தொகையும் மனு போட்ட நாளிலிருந்து கணக்கு.

அப்புறம் நகை. கல்யாணத்தில் பெண்ணுக்குப் போட்டது அவளுடைய சீதனம். எஞ்சின் வாங்க அடகு வைத்திருந்தாலும் அவள் திருப்பிக் கேட்கலாம்.

ஊர்ப் பெரியவர்களே, பேசி வையுங்கள், சமாதானம் செய்யுங்கள், அதை யாரும் தடுக்கவில்லை. முடியாது என்று தெரிந்தால் தாள் எழுதாமல் இருவரையும் நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள். ஓராண்டு பிரிந்திருந்த இந்துத் தம்பதி சேர்ந்து மனு போடலாம். அதற்குப் பிந்தைய ஆறு மாதக் காத்திருப்பையும் தகுந்த வழக்கில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017லேயே தீர்ப்பு வந்து விட்டது.

வக்கீலுக்குக் காசு இல்லை என்று தயங்கும் அக்கா தங்கச்சிகளுக்கு: 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவச வக்கீல் உண்டு. ராமநாதபுரத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், இல்லாவிட்டால் சட்ட உதவி எண் 15100க்குப் போன் போடுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே போடுங்கள்.