மத்தியானத்தை வெட்டினால் ராத்திரி நிற்காது

இந்த வருஷம் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் அக்கினி வசந்த விழாவில், மத்தியானத்தில் மகாபாரதக் கதை சொல்லும் பாரதப் பிரசங்கத்தை 5 நாளாகக் குறைத்துவிட்டார்கள். கூத்து 10 ராத்திரியும் அப்படியே நடந்தது. "வெயில்ல யாரு வந்து உட்காரப் போறா, பத்து கிழவிங்களா?" என்று விழாக் குழுவில் கேட்டார்களாம்.

ஆமாம், பத்து கிழவிகள்தான். அதில் ஒருத்தி என் ஆயா. எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் விராடன் அரண்மனையில் தருமர் கங்கன், அர்ச்சுனன் பிருகன்னளை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். எல்லாம் அந்தப் பந்தலில் கேட்டதுதான். பிரசங்கியார், வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதத்தில் ஒரு பாட்டைப் பாடுவார். பின்பாட்டுக்காரர் ஆர்மோனியத்தோடு அதை வாங்கிப் பாடுவார். அப்புறம் பிரசங்கியார் அந்த நாலு வரியைப் பங்காளிச் சண்டை மாதிரி அரை மணி நேரம் விரித்துச் சொல்வார். மத்தியானம் கேட்ட கதையைத்தான் ராத்திரி வேஷம் கட்டி ஆடுவார்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அடிக்கிற கிண்டலுக்குச் சிரிக்கக்கூட கதை தெரிந்திருக்க வேண்டும்.

பாஞ்சாலியின் துகிலை உரியும் கூத்து நடந்த ராத்திரி. துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் ஆட்டத்தை நிறுத்தினார். சூடம் ஏற்றி, பாஞ்சாலி வேஷத்தில் இருந்தவரைக் கும்பிட்டு, "தாயே, இது வேஷம், பொறுத்துக்கோ" என்றார். எப்போது பார்த்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும் இடம். பக்கத்தில் கல்லூரிப் பையன் ஒருவன் போனில் பிடித்துக்கொண்டே, "ஏண்ணா, வில்லன் எதுக்கு சாமி கும்பிடுறான்?" என்றான். அவன்மேல் என்ன தப்பு? அவனுக்கு யார் சொன்னார்கள்?

கூத்து அழிகிறது என்று நகரத்து நண்பர்கள் எழுதும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். புரிசைத் தம்பிரான்களின் கூத்தைப் பார்த்து ஈர்க்கப்பட்ட நாடக ஆசிரியர் ந. முத்துசாமி, 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அதெல்லாம் பெருமைதான், நானும் சொல்லிக்கொள்வேன். ஆனால் மேடை, விளக்கு, விருது என்று ஆடுபவர்களைப் பற்றியே பேசுகிறோம். பார்ப்பவர்களை இத்தனை காலம் தயார் செய்தவர் பிரசங்கியார். அவருக்குச் சால்வை போட்டு நான் பார்த்ததில்லை.

துரியோதனன் வீழும் படுகளத்தன்று காலையில் மண்ணால் செய்த துரியோதனன் நீட்டிப் படுத்திருந்தான். பீமன் தொடையில் அடித்தான், சிவப்பு பீறிட்டது, பாஞ்சாலி கூந்தல் முடித்தாள். கூட்டம் கை தட்டியது. கை தட்டுகிற இடமா அது! ஆயா மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற சின்னப் பெண்ணிடம் அந்தக் கூந்தல் ஏன் இத்தனை நாள் விரிந்து கிடந்தது என்று ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெயில்தான் பிரச்சினை என்றால் சாயங்காலம் 6 மணிக்கு வையுங்கள். 18 நாளும் வையுங்கள். குழுவில் இருப்பவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அடுத்த வருஷம் பிரசங்கத்துக்கு மைக் செட் செலவு என்னுடையது.