பண்டிகைக்கு வீட்டில் இருங்கள், பிறகு இருவர் மட்டும் கிளம்புங்கள்

டிசம்பர் பிறந்ததும் பல கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. கல்யாணமாகிச் சில வருடங்களான மகனோ மகளோ, “இந்தக் கிறிஸ்துமஸுக்கு நாங்க ரெண்டு பேரும் மாலத்தீவு போயிட்டு வரலாம்னு இருக்கோம்” என்று மெதுவாக ஆரம்பிப்பார்கள். “நல்ல நாளும் அதுவுமா வீட்டைப் பூட்டிட்டா போவீங்க?” என்று பெரியவர்களுக்கு முகம் வாடிவிடும். அப்புறம் இரண்டு தரப்பும் இறங்கிவராது. போகிறவர்கள் மனக்கசப்போடு போவார்கள். இல்லையென்றால் போகாமல் இருந்து, பண்டிகை முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிவார்கள்.

நான் அழுத்தமாகச் சொல்ல நினைப்பது இதுதான். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருங்கள். பண்டிகை முடிந்ததும் கணவன் மனைவி இருவர் மட்டும் கிளம்புங்கள். குடும்பமே முன்னின்று அவர்களை அனுப்பிவைக்கட்டும். இயேசு பிறந்த காட்சியைப் பொம்மைகளால் அமைக்கும் குடில் எப்படி வருடா வருடம் தவறாமல் வைக்கப்படுகிறதோ, அப்படி இதுவும் வீட்டு வழக்கமாகட்டும்.

வீட்டில் இருக்கச் சொல்வது முதலில் பிள்ளைகளுக்காக. எங்கள் வீட்டில் குடில் வேலை, கிறிஸ்துமஸுக்கு முன் வரும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று ஆரம்பித்துவிடும். பழைய செய்தித்தாளைக் கசக்கி, பசை தடவி, பழுப்புச் சாயம் பூசி மலை செய்வது அப்பாவின் பொறுப்பு. மாதா, சூசையப்பர், இடையர்கள், ஆடு மாடு எல்லாம் ஒவ்வொன்றாக இடம்பிடிக்கும். தீவனத் தொட்டி மட்டும் காலியாகவே இருக்கும். 24ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்ததும், கடைக்குட்டியின் கையால்தான் பாலன் இயேசுவின் சுரூபத்தை அதில் வைக்க வேண்டும். தூக்கத்தில் கண் சொருகினாலும் தட்டி எழுப்பித் தூக்கிக்கொண்டு வருவோம்.

பாலனைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களை அன்றைக்கே குடிலுக்குள் விடமாட்டோம். கூடத்தின் மறுகோடியில் புத்தக அலமாரி மேல் நிற்பார்கள். தினமும் பிள்ளைகள் அவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு வருவார்கள். ஒட்டகத்துக்குக் கால் வலிக்குமே என்று என் தங்கை மகள் ராத்திரி ஒரு கைக்குட்டையை மடித்துப் போட்டு, அதன் மேல் அதைச் சாய்த்துவைத்துவிட்டுத்தான் தூங்கப் போவாள். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று அவர்கள் குடிலுக்கு வந்து சேரும்வரை வீட்டில் பண்டிகை ஓய்வதில்லை.

1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற சிற்றூரில் அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ், வைக்கோல் போட்ட தீவனத் தொட்டியையும் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடினார். குழந்தை இயேசு எந்த வசதியும் இல்லாமல் எப்படிக் கிடந்தார் என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. எண்ணூறு வருடங்களைத் தாண்டி அந்த ஆசை நம் வீட்டுக் கூடம்வரை வந்திருக்கிறது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அப்பா பேப்பரைக் கசக்கிக்கொண்டே சொல்லக் கேட்டது. என் பிள்ளைகளும் அப்படியே கேட்டு வளர்கிறார்கள். அந்த நேரத்தில் நான் விமான நிலைய வரிசையில் நின்றுகொண்டிருந்தால் இது எப்படிக் கைமாறும்?

ஆனால் இளையவர்கள் ஏன் ஓடப் பார்க்கிறார்கள் என்பதையும் பெரியவர்கள் யோசிக்க வேண்டும். பண்டிகை என்றால் வீட்டுப் பெண்களுக்கு வேலை. ஒட்டடை அடிப்பதில் தொடங்கி, விருந்தாளிகள் கிளம்பிய பின் கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்துவைப்பதுவரை எல்லாம் அவர்கள் தலையில்தான். என் அம்மா திருப்பலிக்குக் கட்டிய புதுச்சேலையை வந்த வேகத்தில் மாற்றிவிட்டு அடுக்களைக்குள் போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். குடும்பப் படங்களில் அம்மா பெரும்பாலும் ஓரத்தில், கை ஈரத்தோடு நிற்பார். மருமகள் “எங்கேயாவது போயிடலாம்” என்று கணவனிடம் சொல்கிறாள் என்றால், அவள் குடும்பத்தை வெறுக்கிறாள் என்று அர்த்தமில்லை. ஒரு நாளாவது உட்கார வேண்டும் என்கிறாள். வேலையைப் பங்கு போடாமல் பாரம்பரியத்தைக் காப்பாற்றச் சொல்வது அநியாயம்.

எங்கள் வீட்டில் இந்த வழக்கம் அப்பா அம்மாவை அனுப்பியதில்தான் ஆரம்பித்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இருவரும் தனியாக எங்கேயும் போனதில்லை. போனதெல்லாம் கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழா. நாங்கள் மூன்று பிள்ளைகளும் பணம் சேர்த்து, ஜனவரிக் கடைசியில் மாலத்தீவுக்கு அனுப்பினோம். “இந்த வயசுல எதுக்குடா இதெல்லாம்” என்று அம்மா சொல்லிக்கொண்டேதான் பெட்டியை அடுக்கினார்.

மாலத்தீவு என்றால் தண்ணீர் மேல் குடிசை கட்டிய ரிசார்ட் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே கிட்டத்தட்ட 1,200 தீவுகள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 200இல் அந்த நாட்டு மக்கள் வாழ்கிறார்கள். அந்த ஊர்களிலும் விருந்தினர் இல்லங்கள் உண்டு, செலவும் ரிசார்ட்டைவிட வெகுவாகக் குறைவு. இஸ்லாமிய நாடு என்பதால் ஊர்த் தீவுகளில் உடம்பை மறைத்து உடுத்த வேண்டும், மது கிடையாது. எங்கள் அம்மாவுக்கு அதுவே சௌகரியமாகப் போய்விட்டது. முழுக்கைச் சுடிதாரோடு கடலில் இறங்கி நின்றபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் குனிய மாட்டேன் என்று முதலில் அடம்பிடித்திருக்கிறார். விடுதிப் பையன் ஒரு கையையும் அப்பா இன்னொரு கையையும் பிடித்துக்கொள்ள, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி முகத்தை உள்ளே விட்டிருக்கிறார். அன்று ராத்திரி போனில் வேறு பேச்சே இல்லை. “பச்சையும் நீலமுமா ஒரு மீனுடி, கிளி மூக்கு மாதிரி வாயி. பாறையக் கடிக்குது, நறுக் நறுக்னு சத்தம் காதுல கேக்குது!” கிளிமீன் அது. இறந்த பவளத்தின் மேலுள்ள பாசிக்காகப் பாறையையும் சேர்த்துக் கடித்து அரைத்து, மணலாக வெளியேற்றும். அந்தத் தீவுகளின் வெள்ளை மணலில் பெரும்பங்கு அப்படி வந்ததுதான். அதைச் சொன்னதும் அம்மாவுக்கு அத்தனை சிரிப்பு.

அடுத்து அம்மா சொன்னது என்னை உலுக்கிவிட்டது. “உங்கப்பா ஹாஸ்டல்ல இருந்த காலத்தைப் பத்தி இவ்ளோ பேசி நான் கேட்டதே இல்ல.” அத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும், இரண்டு பேருக்கும் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கவில்லை. மூன்று பிள்ளைகளை வளர்த்ததில் அந்த நேரம் போய்விட்டது.

அந்தப் பயணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் சுழற்சி வந்தது. மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு சேமிப்பு. ஒரு வருடம் ஒரு ஜோடி போகும். மற்றவர்கள் அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள். பள்ளிக்கு அனுப்புவது, வீட்டுப்பாடம், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் ஓடுவது எல்லாம் எங்கள் பொறுப்பு. ராத்திரி ஒரே ஒரு போன். நடுவில் அவர்களைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம்.

ஜனவரிக்குத் தள்ளிவைப்பதில் நஷ்டமும் இல்லை. மாலத்தீவில் வறண்ட பருவம் நன்றாக நிலைப்பது ஜனவரி முதல் ஏப்ரல்வரைதான். டிசம்பரில் மழை எட்டிப் பார்க்கலாம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் அறை வாடகை உச்சத்தில் இருக்கும். அதற்கு மேல் 24, 31 இரவு விருந்துகளுக்குத் தனிக் கட்டணம் கட்டியே ஆக வேண்டும் என்று பல ரிசார்ட்டுகள் சொல்லும். முக்கியமாக, அங்கே தேவாலயம் கிடையாது. மற்ற மதத்தவர் பொதுவெளியில் வழிபட அந்த நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. ரிசார்ட்டில் மரம் இருக்கும், விளக்கு இருக்கும், படகில் சாந்தா கூட வருவார். நள்ளிரவுத் திருப்பலி இருக்காது. இது தெரியாமல் போய், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீட்டை நினைத்து ஏங்க வேண்டாம்.

போகிறவர்களுக்கு இன்னும் சில. ரிசார்ட் தீவுகளுக்குக் கொண்டுபோகும், தண்ணீரில் இறங்கும் கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். சாயங்காலம் போய் இறங்கினால் அன்றிரவு தலைநகர் மாலேயிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோ தங்க நேரும். பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள், ஒரு துண்டைக்கூட எடுத்துவராதீர்கள், அதற்குச் சட்டத் தடை இருக்கிறது. 1998இலும் 2016இலும் கடல் சூடேறி அங்கே பவளங்கள் வெளுத்து ஏராளமாக மடிந்தன. மிச்சம் இருப்பதையாவது விட்டுவைக்க வேண்டும். சன்ஸ்கிரீனை அள்ளிப் பூசுவதைவிட முழுக்கை நீச்சல் உடை நல்லது. பவளத்தைப் பாதிக்கும் சில ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீன்களுக்கு 2020இல் பசிபிக் தீவு நாடான பலாவும் 2021இல் அமெரிக்க மாநிலமான ஹவாயும் தடை கொண்டுவந்துவிட்டன.

மாலத்தீவுதான் போக வேண்டும் என்றில்லை. பணம் இடிக்கிறதென்றால் பக்கத்துக் கடற்கரையில் ஒரு அறை போதும். படுக்கையில் இருக்கும் பெரியவர்களை விட்டுவிட்டுப் போக முடியாத வீடுகள் உண்டு, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் “பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனால் என்ன” என்று கேட்பவர்களோடு நான் வாதாடத் தயார். பிள்ளைகளோடு போகும் பயணம் வேறு, அதற்குக் கோடை விடுமுறை இருக்கிறது. பிள்ளையும் கூட வந்தால் மனைவி அங்கேயும் அம்மா வேலைதான் பார்ப்பாள். தன் அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் விரும்பி நேரம் ஒதுக்குகிறார்கள் என்று பார்த்து வளரும் பிள்ளைக்குக் குறை ஒன்றும் வந்துவிடாது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்போது “அடுத்த வருஷம் யாரு போறா” என்று அவர்களாகவே கேட்கிறார்கள்.

இந்த முறை தம்பியும் அவன் மனைவியும். மகனுக்கு மூன்று வயது, அம்மாவை விட்டு ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை என்று தம்பி மனைவி தயங்கிக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்ததிலிருந்தே அவன் என் பிள்ளைகள் நடுவில்தான் படுக்கிறான். நேற்று விடியும்வரை எழுந்திருக்கவே இல்லை. காலையில் தம்பியைக் கூப்பிட்டு, ரெண்டே ரெண்டு டிக்கெட் போடு என்று சொல்லிவிட்டேன்.