4 சதவீதம் யார் கைக்குப் போகிறது?

மத்திய அரசின் கொள்முதல் கொள்கை 2012-ல் ஆணையாக வந்தது, 2015 ஏப்ரலில் கட்டாயமானது. அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுதோறும் வாங்குவதில் 25 சதவீதம் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4 சதவீதம், பெண்களுக்கு 3 சதவீதம். டெண்டர் படிவம் இலவசம், டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டாம். நல்ல ஏற்பாடு, மனதார வரவேற்கிறேன்.

ஆனால் 2018-19லும் 2019-20லும் அந்த 4 சதவீத இலக்குக்கு உண்மையில் வாங்கியது மொத்தக் கொள்முதலில் 1 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

“தகுதியான ஆள் கிடைக்கவில்லை” என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. ஆணையை எடுத்துப் படியுங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினர் டெண்டருக்கு வராவிட்டாலோ, நிபந்தனையும் விலையும் ஒத்துவராவிட்டாலோ, அவர்கள் பங்கை மற்ற சிறு தொழில்களிடம் வாங்கி நிரப்பிக்கொள்ளலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அப்புறம் எந்த அதிகாரி தேடிப் போய் ஆள் பிடிப்பார்?

எனக்குத் தெரிந்த ஒருவர் இரும்பை வெட்டி, வெல்டிங் செய்து பொருள்கள் செய்யும் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறார். குடும்பத்தில் தொழிலுக்கு வந்த முதல் ஆள். வேலை சுத்தமாக இருக்கும். டெண்டரில் முன் அனுபவச் சான்று கேட்டார்கள். புதியவர்களுக்கு அதைத் தளர்த்த வழி உண்டு, ஆனால் தளர்த்துவதா வேண்டாமா என்பது வாங்குகிறவர் கையில். எப்படியோ ஒரு ஆர்டர் கிடைத்தது. உடனே, ஆர்டரைச் சரியாக முடிப்பதற்கு ஈடான செக்யூரிட்டி டெபாசிட்டுக்கு வங்கி உத்தரவாதம் வேண்டும் என்றார்கள். வங்கியோ அதற்கு ஈடாக எஃப்.டி. போடச் சொன்னது, வீட்டு நகை அடகுக்குப் போனது. சரக்கு இறங்கி மாதங்கள் ஆகியும் பில் பாஸ் ஆகவில்லை. பணம் வராவிட்டாலும் அந்த பில்லுக்கான ஜிஎஸ்டியைத் தேதி தவறாமல் கட்டியாக வேண்டும். 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று சட்டம் சொல்கிறது. அவருக்கும் அது தெரியும். “புகார் கொடுத்தா அடுத்த ஆர்டர் யார் சார் தருவா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கர்நாடகத்தில் வேறு மாதிரி செய்தார்கள். ரூ.50 லட்சம் வரையான அரசு ஒப்பந்தப் பணிகளில் 24.1 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடி ஒப்பந்ததாரர்களுக்கு என்று சட்டத்திலேயே ஒதுக்கினார்கள், 2023-ல் வரம்பை ரூ.1 கோடியாக்கினார்கள். பணியையே தனியாகப் பிரித்து வைத்தால் போட்டி அவர்களுக்குள்தான் நடக்கும்.

மத்திய அரசும் அப்படிச் செய்யட்டும். “மற்றவர்களிடம் வாங்கி நிரப்பலாம்” என்ற வரியை நீக்கிவிட்டு, நிறைவேறாத பங்கை அந்தந்த நிறுவனத்தின் அடுத்த ஆண்டு இலக்கில் சேர்க்கட்டும். தாமத வட்டியைச் சப்ளையர் கேட்காமலே பில்லோடு சேர்த்துக் கொடுக்கட்டும்.